கைப்பிடி சுற்றி நடந்த விசாரணை

எங்களுக்கு மேல்வீட்டில் இருப்பவரை எல்லோரும் காயிலக்கா என்றுதான் கூப்பிடுவோம். மோட்டார் பட்டறையில் பதினாறு வருஷமாகச் செம்புக் கம்பியைச் சுருளாக்கிக் காயில் சுற்றுகிறார். ஒரு சுற்று தப்பினாலும் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும் என்பதால், கம்பி சுற்றும்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் போய், "அக்கா, சாப்டாச்சா?" என்று கேட்டால் "முன்னூத்தி எட்டு" என்று பதில் வரும்.

தரைத்தளத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரருக்கு அந்த வீட்டைக் காலி செய்து, கூடுதல் வாடகைக்கு விட ஆசை. மாதம் பிறந்தால் வாடகையை நீட்டிவிடுகிறவரை எப்படி விரட்டுவது? "வீடு பூட்டிக் கிடக்கிறது, அங்கே ஆளே இல்லை" என்று கூசாமல் மனு போட்டார். வாடகைத் தகராறு விசாரிக்கும் அதிகாரி, புதன்கிழமை காலை வீட்டிலிருந்தபடியே போனில் முகம் காட்டிப் பேச வேண்டும் என்று காயிலக்காவுக்கு உத்தரவு போட்டார். காட்டாவிட்டால் வீடு கையை விட்டுப் போய்விடும்.

திங்கட்கிழமை வீட்டுக்காரர் மீட்டர் பெட்டியைத் திறந்து, காயிலக்கா வீட்டு ஃபியூஸை மட்டும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"யாராச்சும் அவங்களுக்கு சார்ஜ் போட்டுக் குடுத்தீங்க, அப்புறம் உங்க ஃபியூஸும் என் பையிலதான்!" என்று படிக்கட்டில் நின்று கத்தினார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

காயிலக்காவின் போன் அரதப் பழசு. பட்டறையில் முழுசாக சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்தாலும் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்தால் பத்து நிமிஷம் தாங்காது. பவர் பேங்க் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்ன பட்டறைக்காரரிடம், "அவன் புடுங்குனதுக்கு நான் காசு குடுக்கணுமா?" என்று எரிந்து விழுந்திருக்கிறார். அவர் கணவர் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன்.

"எதுக்கும்மா வம்பு? வேற வீடு பாத்துக்கலாம். நான் வீட்டுக்காரருகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார்.

"நமக்கா போகணும்னு தோணுறப்ப போவோம். அவன் புடுங்கிப் போடுறதுக்கு நாம என்ன களையா?"

பட்டறை மூலையில் காயில் சுற்றும் பழைய கைமெஷின் ஒன்று கிடந்தது. கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் பல்சக்கரம் வழியாக அச்சு எட்டுத் தடவை சுற்றும். காயிலக்கா அதைக் கேட்டு வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் போல்ட் போட்டு இறுக்கினார். உடைந்த பிரிண்டரிலிருந்து ஒரு சின்ன மோட்டாரைக் கழற்றி, ரப்பர் குழாயால் அச்சோடு சேர்த்தார். கரண்ட் கொடுத்தால் மோட்டார் சுற்றும், நாம் சுற்றினால் அது கரண்ட் கொடுக்கும். கையின் வேகத்துக்கு வோல்டேஜ் ஏறி இறங்குமே, அதை அடக்க, காரில் போன் சார்ஜ் போடும் சார்ஜரை நடுவில் வைத்தார். முதலில் போனில் சார்ஜ் ஏறவே இல்லை. பதினாறு வருஷ அனுபவக்காரி இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்திருந்தார். தன்னைத் தானே நன்றாகத் திட்டிக்கொண்டு சரி செய்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் தலைக்கு மேலே கரகரவென்று சத்தம் கேட்டது.

புதன்கிழமை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாடியேறி அவர் வாசலில் போய் நின்றேன். டம்ளரில் சாய்த்து வைத்த போனில் அதிகாரியம்மாவும், கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரரும், அவருடைய வக்கீலும் தெரிந்தார்கள். போனின் கண்ணில் படாமல் கணவர் சுவரோரம் ஒண்டி நின்றார். காயிலக்கா சுற்றிக்கொண்டிருந்தார்.

"உங்க வயசு?" என்று அதிகாரியம்மா கேட்டார்.

"நானூத்தி பன்னெண்டு."

நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"என்னது?"

"நாப்பத்தி மூணு மேடம். எண்ணிட்டே சுத்திப் பழக்கமாயிடுச்சு."

"எதைச் சுத்துறீங்க? என்ன சத்தம் அது?"

"கரண்ட் மேடம். வீட்டுக்காரர் ஃபியூஸைப் புடுங்கிட்டாரு. நான் கையை எடுத்தா போன் செத்துடும். போன் செத்தா, இங்க ஆளே இல்லன்னு ஆயிடும்."

"சுத்த நடிப்பு மேடம், அங்க கரண்ட் இருக்கு" என்றார் வக்கீல்.

"அப்போ லைட்டைப் போட்டுக் காட்டட்டும்" என்றார் அதிகாரியம்மா.

கணவர் சுவரோரமாகவே கையை நீட்டி எல்லா சுவிட்சையும் தட்டினார். ஒன்றும் எரியவில்லை. அதிகாரியம்மா விடாமல் வாடகை ரசீது கேட்டார், அறையைக் காட்டச் சொன்னார், வக்கீலும் இழுத்தடித்தார். காயிலக்காவின் தோள் நடுங்கியது. சுற்று தளர்ந்தது, போன் மங்கியது.

அப்போது கணவர் வந்தார். "நகரு" என்று சொல்லிவிட்டு, போனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தார்.

"யோவ், காலி பண்றேன்னு சொன்னவன்தானே நீ?" என்று வீட்டுக்காரர் போனில் கத்தினார்.

"சொன்னேன். இப்ப சுத்துறேன்" என்றார் அவர்.

அதிகாரியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆள் இல்லாத வீட்டுல ரெண்டு பேர் மாத்தி மாத்திச் சுத்துறாங்க. மனு தள்ளுபடி. போய் ஃபியூஸைப் போடுங்க, போடுற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

ஐந்தாவது நிமிஷம் ட்யூப்லைட் விட்டு விட்டு மின்னி, பிறகு நிலையாக எரிந்தது. ஃபேன் சுற்றியது. அதிகாரியம்மா பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். கணவர் மட்டும் கையை எடுக்கவில்லை.

"ஏங்க, அதான் கரண்ட் வந்துடுச்சே, விடுங்க" என்றார் காயிலக்கா.

"இருக்கட்டும்மா. கீழ அவருக்குக் கொஞ்ச நேரம் கேக்கட்டும்" என்று சொல்லி, அவர் இன்னும் வேகமாகச் சுற்றினார்.