எதிர் நாற்காலி

என் அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய கோபம் மொத்தத்தையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவள் முன்னறையில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பாள். நான் பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் தையல் மெஷினோடு உட்கார்ந்து, துணிக்கடைக்காரர்கள் அனுப்பும் பேன்ட்டுகளைக் கால் மடித்துத் தைப்பேன். ஒரே சந்தேகத்தை ஒரு பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்கும்போது எனக்குப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அவளோ இப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல, "அப்படிக் கேளு" என்பாள்.

பொறுமை மட்டும் போதாது, ஆளுக்குத் தகுந்தபடி வளையவும் வேண்டும் என்பது அவள் கட்சி. ஓரிடத்தில் உட்காராத பையனை மாடிப்படியில் ஏறி இறங்கவிட்டு வாய்ப்பாடு சொல்லவைத்தாள். பேக்கரிக்காரர் மகளுக்குப் பின்னம் புரியவில்லை என்று, நாங்கள் சாப்பிட வைத்திருந்த ரொட்டியை வெட்டிக் காட்டினாள். காட்டியதை எல்லாம் அந்தப் பிள்ளையே தின்றுவிட்டுப் போனது. திக்குவாய்ப் பையன் ஒருவன் விடையைப் பாட்டாகத்தான் சொல்வான். பள்ளிக்கூடம் கைகழுவிய பிள்ளைகளைப் பெற்றவர்கள் கடைசியாகக் கொண்டுவந்து இறக்கும் இடம் எங்கள் வீடுதான்.

அப்படித்தான் தண்ணீர் லாரி டிரைவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளி இறுதி வகுப்பு. உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் கேட்காமல் வாசலில் நின்றே பேசினார்.

"டீச்சர், இந்தத் தடவ பாஸாகலேன்னா இறால் கம்பெனிதான். எங்க அக்கா அங்கதான் வேலை செய்யுது, இவளுக்கும் எடம் சொல்லி வெச்சாச்சு. அப்புறம் என்னை யாரும் குத்தம் சொல்லக்கூடாது."

இறால் கம்பெனி எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஐஸ் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு நாள் முழுக்க நின்றபடியே இறால் உரிக்க வேண்டும். அங்கே போன பெண் யாரும் மறுபடி புத்தகத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. லாரி தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"எனக்கு அங்க போகப் பிடிக்கல டீச்சர்."

"போக வேணாம். நாம பாஸாகிடலாம்," என்றாள் அக்கா, ஏதோ கடைக்குப் போய்வரலாம் என்பதுபோல.

பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் இந்தப் பெண்ணைக் கரும்பலகை முன்னால் நிறுத்திவைத்து, அவள் போட்ட கணக்கை வகுப்பே சிரிக்கும்படி படித்துக் காட்டியிருக்கிறார். அதிலிருந்து 'தப்பு' என்ற பேச்சு எடுத்தால் போதும், பேனாவை மூடி வைத்துவிடுவாள். அக்கா அதற்கும் வளைந்துகொடுத்தாள். முதலில் அந்த வார்த்தையை விட்டாள், பிறகு பேச்சையே விட்டாள். மூக்குக் கண்ணாடியோடு எதிர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்தப் பெண் வரி வரியாக எழுதுவாள், தவறினால் தானே அடித்துவிட்டுத் திருத்துவாள். எனக்குப் பேனா ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்கும். சில மாதங்களில் அக்கா வைத்த மாதிரித் தேர்வையெல்லாம் அவள் வெளுத்து வாங்கினாள்.

"பாத்தியா, அவ தப்ப அவளே கண்டுபிடிக்கிறா," என்று அக்கா பூரித்துப் போனாள். அவ்வளவு சீக்கிரம் யாரையும் புகழாத நானே பரீட்சைக்குப் போட்டுப்போக அவளுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன்.

கணக்கில் பெயிலாகிவிட்டாள். மற்ற பாடங்களில் மனப்பாடம் கரையேற்றிவிட்டது. கணக்குத் தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் முதல் வரியை எழுதிவிட்டு மீதியை வெறுமையாக விட்டிருந்தாளாம்.

அக்கா நம்பவில்லை. அவளை வரவழைத்து, அதே கேள்வித்தாளை முன்னால் வைத்து எழுதச் சொன்னாள். பேனா தடங்கலில்லாமல் ஓடியது. இரண்டு பக்கம் முடிந்து எல்லாம் சரியாக இருந்தது. பிறகு எப்படிப் போனது என்று அக்காவுக்குப் புரியவில்லை. அந்த நேரம் கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்ட, அக்கா எழுந்து போனாள். நான் டீ கொண்டுவந்து மேசையருகே நின்றேன். பேனா நின்றுவிட்டது. அவள் யோசிக்கவில்லை. காலி நாற்காலியைப் பார்த்தபடி, பஸ்ஸுக்கு நிற்பவள் மாதிரிக் காத்திருந்தாள். அக்கா திரும்பி வந்து உட்கார்ந்ததும் பேனா ஓடத் தொடங்கியது.

"அக்கா, நீ அவ பின்னாடி போய் நில்லு."

"எதுக்குடி?"

"நில்லேன், சொல்றேன்."

அக்கா போய் நின்றாள். பேனா நின்றது.

"டீச்சர், முன்னாடி வந்து உக்காருங்களேன்," என்றாள் அந்தப் பெண்.

"ஏம்மா, நான் எங்க இருந்தா என்ன?"

"நீங்க இருந்தாத்தானே தெரியும்? தப்பா எழுதினா கண்ணாடியத் தொடுவீங்க. சரியா இருந்தா தொட மாட்டீங்க. பரீட்சை ஹால்ல நின்ன சார் கண்ணாடியே போடல டீச்சர்."

அதைச் சொல்லும்போது அவளிடம் திருட்டுத்தனம் துளியும் இல்லை. எல்லாரும் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள் என்றே நினைத்திருக்கிறாள். "எனக்குக் கணக்கு வந்துடுச்சுன்னுதான் நெனச்சேன் டீச்சர். நெஜமாத்தான்," என்றாள். அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இத்தனை மாதமாகத் தன் கை என்ன செய்தது என்று அவளுக்கே தெரியாது.

டிரைவரின் கையைக் காலைப் பிடித்து, மறுதேர்வு வரைக்கும் தவணை வாங்கினாள். அதன்பிறகு அக்கா தலைகீழாக நின்று பார்த்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். கணக்கைக் கொடுத்துவிட்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தாள். திரும்பி வந்து பார்த்தால் தாளில் அதே முதல் வரிதான் இருக்கும். எத்தனையோ பிள்ளைகளுக்குத் தகுந்தபடி மாறிய அக்காவுக்கு, இந்தப் பெண்ணுக்காக இல்லாமல் போவது எப்படி என்று தெரியவில்லை. ஒருநாள் அதட்டிக்கூடப் பார்த்தாள். அதட்டத் தெரியாதவள் அதட்டினால் எப்படி இருக்கும்? அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டாள். அக்கா சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்பாக இருந்ததற்காக ஒருத்தியை எப்படித் திட்டுவது என்று தெரியாமல், அன்று ஒரு நல்ல பேன்ட்டைக் கோணலாகத் தைத்துவைத்தேன்.

மறுதேர்விலும் போய்விட்டது. டிரைவர் சத்தம் போடவில்லை. "உங்களால ஆனத நீங்க பண்ணிட்டீங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் அக்கா அன்று சாப்பிட்டிருப்பாள்.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பெண் எங்களைப் பார்க்க வந்தாள். இளைத்திருந்தாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத வாடை அவளுக்கு முன்னால் உள்ளே வந்தது. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, அங்கங்கே வெடித்திருந்தது. அக்கா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் கேட்டேன்.

"வேலையெல்லாம் எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்கு அக்கா. எங்க வரிசைலயே நான்தான் வேகம்." அவள் முகம் மலர்ந்தது. அக்காவின் பக்கம் திரும்பினாள். "மத்தவங்க எல்லாம் சூப்பர்வைசர் அம்மாகிட்ட திட்டு வாங்குவாங்க டீச்சர். நான் வாங்கவே மாட்டேன். அவங்க வாயத் திறக்கவே வேணாம், மூஞ்சியப் பாத்தே எனக்குத் தெரிஞ்சிடும். எல்லாம் உங்களாலதான்."

அக்கா அந்தக் கைகள் இரண்டையும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அடக்க முடியாமல் அழுதாள். அந்தப் பெண் பயந்துபோய், தான் எதில் தப்புப் பண்ணிவிட்டோம் என்று அக்காவின் முகத்திலேயே தேடிக்கொண்டிருந்தாள்.