கெத்துருனான் என்றால் இந்தியா

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம். ஈப்போவில் பல வருஷமாக ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறேன். எனக்குத் தெரிந்த மலாய் முழுவதும் விலையும் நிறமும்தான். அதற்கு மேல் அரசாங்கப் படிவங்களில் வரும் ஒரு சொல் தெரியும்: கெத்துருனான், அதாவது வம்சம். அந்தக் கட்டத்தில் ‘இந்தியா’ என்று எழுதிவிட்டால் போதும், அடுத்த கவுண்டருக்கு அனுப்பிவிடுவார்கள்.

போன மாதம் என் மனைவி அஞ்சலையின் மார்பில் இருந்த கட்டியை டாக்டர் பார்த்தார். பிறகு மலாய்க்கார மிஸ்ஸி (இங்கே நர்சை அப்படித்தான் கூப்பிடுவோம்) பேனாவும் கையுமாக என்னிடம் திரும்பி, “அடா கெத்துருனான்?” என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, “இந்தியா!” என்றேன்.

மிஸ்ஸி சிரித்தாள். ஏதோ நல்ல பதில் சொல்லிவிட்டதாக நானும் சிரித்தேன். அஞ்சலை சிரிக்கவில்லை. “குடும்பத்துல யாருக்காச்சும் இருந்துச்சான்னு கேக்குறாங்க லா,” என்றாள். பிறகு மிஸ்ஸியைப் பார்த்து, “எமாக். காக்காக்,” என்றாள். அம்மா. அக்கா. மிஸ்ஸியின் சிரிப்பு நின்று, பேனா நகர்ந்தது.

நான் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவன். அவள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். இந்தியாவைக் காலண்டரில் பார்த்ததோடு சரி. நம்மூரில் பரம்பரை என்று யாராவது வாயெடுத்தால் குலதெய்வத்திலிருந்து தொடங்கி, காப்பி ஆறிப்போகும்வரை சொல்வோம். அவளுக்குச் சொல்ல இரண்டு பேர்தான். இரண்டு பேரும் இப்போது இல்லை. அவள் அம்மா கட்டியை யாரிடமும் காட்டாமல், ரவிக்கைக்குள் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போவாராம். கடைசியில் காட்டியபோது, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மஞ்சள் களிம்பு கொடுத்தார்களாம். தோட்டம் கைமாறியபின் அக்கா ஈப்போவுக்கு வந்து தொழிற்சாலையில் சேர்ந்தார். களிம்புகூடக் கேட்கவில்லை, நேரமில்லை என்றார்.

அஞ்சலையின் கட்டியில் ஒரு துணுக்கை வெட்டிக் கோலாலம்பூருக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரும்வரை எனக்கு வாய் மூடவில்லை. பயம் வந்தால் சிலருக்கு வயிறு போகும். எனக்கு நகைச்சுவைதான் நிற்காமல் போகும். கஜம் போய் மீட்டர் வந்த குழப்பத்தைச் சாக்காக வைத்து, கடையில் யார் யாருக்கோ துணியைக் கூட்டியும் குறைத்தும் வெட்டினேன். அப்போதுதான் அஞ்சலை சொன்னாள்:

“வெளிர்நீலத் துணி கொண்டாங்க. செல்விக்கு ஸ்கூல் உடுப்பு தைக்கணும்.”

“நாலாம் வகுப்புக்குக் கருநீலம் லா! துணிக்கடைக்காரன் பொண்டாட்டிக்கே கலர் தெரியலியா?”

வெளிர்நீலம், இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பெரிய பெண்கள் போடுவது. எங்கள் மகளுக்கு அதற்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

“வளருவால்ல,” என்றாள், தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

மறுநாள் கடையில் அந்தத் துணியில் கத்தரிக்கோல் வைத்தபோது கோணலாகப் போயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக முதலாளி என்னைத் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

செல்வியின் பிறப்புப் பத்திரத்திலும் கெத்துருனான் இந்தியா என்றுதான் இருக்கிறது. நான் சொல்லி எழுதியது. அன்று அதைப் பற்றி யோசிக்கவில்லை. இப்போது அவள் சாப்பிடும்போது பார்க்கிறேன். முறம் போன்ற காது, சப்பை மூக்கு: எங்கள் ஆட்கள். இந்த முகத்துக்கு எவன் மாப்பிள்ளை வருவான் என்று கேலி செய்தவன், அந்தக் காதைப் பார்த்துப் பார்த்துக் கும்பிடுகிறேன். பத்திரத்தில் உள்ளபடியே அவள் முழுக்க என் ஊராக இருக்கட்டும், அந்தத் தோட்டத்து மண்ணிலிருந்து அவளுக்கு எதுவும் வர வேண்டாம். அடுத்த நொடி அவள் அம்மாவைப் போலவே புருவத்தைத் தூக்கி, “என்ன பாக்குறீங்கப்பா?” என்பாள்.

முடிவு வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனோம். கதவைத் திறந்த மிஸ்ஸி என்னை மறக்கவில்லை. “மாரி, என்சிக் இந்தியா,” என்றாள். வாங்க, திருவாளர் இந்தியா. கையிலிருந்த காகிதத்தைப் படித்துவிட்டாளா, அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பா என்று அவள் முகத்தில் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. நாற்காலியில் இருந்தபடியே அஞ்சலையின் காதில் கேட்டேன்:

“மறுபடியும் கெத்துருனான் கேட்டா என்ன சொல்லட்டும்?”

அவள் சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

“செல்வி பேர மட்டும் சொல்லாதீங்க.”