கரைப் பல்ப்பைக் கழற்றிய நாள்

“அந்த ஒரு பல்ப்பையாவது விடுங்கோவன். என்ர தம்பி இன்னும் வரேல்லை.”

“பதினொரு மாசம் மேரி! கரண்ட் பில்லை உம்மட தம்பியே கட்டுறான்?”

ஏணியில் நின்ற ஜெகதீசுக்கு இதெல்லாம் கேட்டது. ஜெகதீஸ் என் மச்சான், வயரிங் வேலை செய்பவர். கதை விடுகிற ஆள் இல்லை. அவருக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஊர்காவற்றுறையில் கடற்கரையில் மீனும் வலையும் வைக்கிற கொட்டில், லியோன் அண்ணையின் மீன் வாடி. பில் ஏறிவிட்டதென்று வெளி லைட் முழுவதையும் சோலாருக்கு மாற்றினார். ஆள் நடந்தால் எரியும், இருபது செக்கனில் அணையும். கரையில் ஒன்று, முற்றத்தில் ஒன்று, வலை அறைக் கதவுக்கு மேலே ஒன்று. கரையில் ஒரு பழைய பல்ப் விடிய விடிய எரியும். கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பி றெக்ஷனுக்காக, லியோன் அண்ணையின் மனைவி மேரிறோஸ் அக்கா எரியவிட்டது. ஜெகதீஸ் அதையும் கழற்றிவிட்டார்.

மாலை 6.47. வாடியில் வேறு யாரும் இல்லை. ஏணியை வைக்க வலை அறைக்குள் போனார். ஜன்னலால் பார்த்தால், கரை லைட் எரிந்தது.

நாய் என்று நினைத்தார்.

அது அணைந்தது. முற்றத்து லைட் எரிந்தது. ஆளும் இல்லை, நாயும் இல்லை.

சளக்... சளக்...

ஈரக்கால் சத்தம்.

கதவுக்கு மேலே லைட் எரிந்தது. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. வெளியே கயிறு உரசியது...

சரக்... சரக்...

தள்ளினார். அசையவில்லை. போன் மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள்.

இருபது செக்கன் போனது. ஐந்து நிமிடம் போனது. லைட் அணையவில்லை. அப்படியென்றால் வாசலில் ஏதோ அசைந்துகொண்டே நிற்கிறது...

“ஆர் அது?”



கதவுக்குக் கீழால் தண்ணீர் வந்தது. உப்பு மணம்.

“பல்ப்பைத் திருப்பிப் போடுறன்... என்னை விடும்...”

லைட் அணைந்தது.

முற்றத்து லைட்.

பிறகு கரை லைட்.

கைக்கடிகாரத்தில் நேரம் 7.05.

7.20க்கு லியோன் அண்ணையும் அக்காவும் ரோர்ச் லைட்டோடு வந்தார்கள்.

“கதவை ஆரப்பா வெளியால கட்டினது?”

அக்கா முடிச்சைப் பார்த்தா. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா.

“இது தம்பியின்ர இடக்கைக் கட்டு. வள்ளத்தை இப்பிடித்தான் கட்டுவான்.”

லியோன் அண்ணை அன்றிரவே பல்ப்பைத் தன் கையால் போட்டார்.

அந்தக் கயிற்றை முடிச்சு அவிழ்க்காமல் வெட்டியெடுத்து அக்கா வைத்திருக்கிறா. யாராவது பகிடிக்குக் கட்டியிருந்தால் தயவுசெய்து இங்கே பதில் போடுங்கள். கோபிக்க மாட்டோம்.