கழுவாத கையும் சொன்ன பொய்யும்

மலேசியாவின் சிகாமட் மருத்துவமனையில் என் கணவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்த மறுநாள் அது. பக்கத்துக் கட்டிலில், காலில் ஆறாத புண்ணோடு ஒரு சீனப் பெரியவர் துணைக்கு ஆளில்லாமல் படுத்திருந்தார். அவர் எழுந்து உட்காரத் தவிப்பதைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன். புண்ணின் ஈரக்கட்டு என் கையில் பட்டது. துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

“தையல்கிட்ட அரிக்குது லா, பிளாஸ்திரிய கொஞ்சம் தூக்கிவிடு” என்றார் கணவர். அதே கையால் தூக்கிவிட்டேன்.

அதற்கு மூன்றாம் நாள் காலை கணவருக்குக் காய்ச்சல் கொதித்தது. தையலில் சீழ்.

“அக்கா, இந்தக் கட்ட யாராச்சும் தொட்டீங்களா?” என்று கேட்டார் தமிழ்த் தாதி.

“இல்லயே” என்றேன். திட்டுவார்களோ என்ற பயம்.

மாலையில் கணவர் குளிரில் நடுங்கி, என்னையே யாரென்று கேட்டார். நான் தாதியிடம் ஓடி, பக்கத்துக் கட்டில் பெரியவரைத் தொட்டது முதல் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

“காலையிலேயே சொல்லியிருக்கலாமே அக்கா” என்றவர், உடனே டாக்டரை அழைத்தார். மருந்தை மாற்றினார்கள். தையலைப் பிரித்துப் புண்ணைக் கழுவினார்கள். வீடு திரும்ப மூன்று வாரமானது.

கிருமி என் கையால்தான் வந்ததா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு அந்த உறுத்தல் போகவில்லை.

இப்போது ஆஸ்பத்திரியில் யாருக்குத் துணைக்கு இருந்தாலும், நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவுகிறேன். கட்டு அரித்தால் தாதியைத்தான் கூப்பிடுகிறேன். தப்பு செய்துவிட்டால், தாதிகள் கேட்கும்வரை காத்திருப்பதில்லை.

- ஒரு வாசகி, சிகாமட்