கியூர்பிப்பில் நாகரிகத்தின் முடிவு

எண்பதுகளின் நடுவில், கரும்பு விளையும் ஒரு தீவில், கியூர்பிப் என்ற ஊரின் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்க மதுரையிலிருந்து போனேன். அங்கே தத்துவம் நடத்தியவர் பாரிஸிலிருந்து வந்தவர். மாலையில் ஆசிரியர் அறையில் அவருக்கு நான்தான் பேச்சுத் துணை. "ஐரோப்பா முடிந்துவிட்டது, மேடம்" என்பார், வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோல.

அது தன் சொந்தக் கவலை இல்லை, நீண்ட பரம்பரை உள்ளது என்பார். பழைய கிரேக்கர்கள் பொற்காலம் போய் இரும்புக்காலம் வந்துவிட்டதாக வருந்தினார்களாம். பல நூற்றாண்டு கழித்து, கலையும் அறிவியலும்தான் மனிதனைக் கெடுத்தன என்று பிரெஞ்சில் எழுதினார்கள். பிறகு ஜெர்மனியில், பண்பாடும் மரம்போலத் துளிர்த்துப் பட்டுப்போகும் என்றார்கள்.

"இதற்கு எங்கள் ஊரில் கலியுகம் என்று பெயர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு அடுத்த யுகம் உண்டு. எங்களுக்கு அதுவும் இல்லை."

அவர் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. வந்த நாள் முதல் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவரிடமும் சொல்லியிருந்தேன்: இங்கே தமிழ் முடிந்துவிட்டது. தமிழர் வீட்டிலேயே பேச்சு கிரியோல் என்ற கலப்பு மொழியில், அலுவலகத்தில் பிரெஞ்சு. கோயிலில் மட்டும் தேவாரம், அதையும் பிரெஞ்சு எழுத்தில் வைத்துப் படித்தார்கள்.

ஒரு தைப்பூசத்துக்கு அவரை அழைத்துப் போனேன். துணி ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் காவடியோடு பாடிக்கொண்டு வந்தார்கள். பாட்டின் பொருள் பலருக்குத் தெரியாது. அவர் மெதுவாகச் சொன்னார்: "அழகாக இருக்கிறது. ஆனால் உயிர் போய்விட்டது, ஓடுதான் மிச்சம்."

எனக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்களும் அப்படித்தானே சொன்னீர்கள்?"

பக்கத்தில் ஒருத்தி, அலகு குத்தியிருந்த கணவனுக்கு விசிறிக்கொண்டே, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். இதில் செத்தது எது என்று கேட்டால் என்னால் காட்ட முடியாது.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன்: "முன்பு நன்றாக இருந்தது என்கிறீர்கள். இவர்களுக்கு முன்பு என்றால் எது? இவர்கள் பாட்டன்மார் வந்திறங்கிய கரும்புத் தோட்டத்துக் கூலிக் குடிசையா?"

அவர் சொன்னார்: "அது இல்லை. ஆனால் என்ன போகிறது என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போனதே தெரியாது."

அதை நான் மறுக்கவில்லை.

அடுத்த பருவத்தில் இலக்கணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, மாணவர்களின் வாயில் ஏற்கெனவே இருந்த பாட்டுச் சொற்களிலிருந்து பாடத்தைத் தொடங்கினேன். சிலர் ஆர்வமாகப் படித்தார்கள், பலர் நின்றுவிட்டார்கள். அவர் பாரிஸுக்குத் திரும்பவே இல்லை. ஓய்வுபெற்றதும் மாயெபூரில் கடலோரமாக ஒரு வீடு எடுத்துக்கொண்டு, புதிது புதிதாக எழும்பும் ஹோட்டல்களைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.