விழுந்தவர்களை ஏற்றும் வேன்

மற்ற வேன்காரர்கள் ரோட்டோரம் நிற்கிறவர்களை ஏற்றுகிறார்கள்; நான் வானத்திலிருந்து விழுகிறவர்களை ஏற்றுகிறேன்.

இதை முதலில் சொன்னபோது ஹட்டன் ஸ்டாண்டில் ஒருவரும் நம்பவில்லை. லிந்துலைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குக் கீழே, நீர்த்தேக்கத்துத் தண்ணீரை ஒட்டி ஒரு பழைய விளையாட்டு மைதானம் இருக்கிறது. இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மேஜர் அதைக் குத்தகைக்கு எடுத்து, பரசூட்டில் குதிக்கும் கிளப் ஒன்றை நடத்துகிறார். சின்ன விமானம் ஒன்று கீழ்நாட்டிலிருந்து ஆட்களை ஏற்றி வந்து எங்கள் தலைக்கு மேலே கொட்டிவிட்டுப் போகும். வருகிறவர்களில் பெரும்பாலோர் பட்டாளத்துக்காரர்கள். லீவில் வந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கை கால் இழந்தவர்கள், வெளிநாட்டுப் பட்டாளத்தில் இருந்தவர்கள்கூட வருவார்கள். மைதானத்தில் இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. காற்று அந்த ஏற்பாட்டுக்கு இதுவரை சம்மதித்ததில்லை. தேயிலைக்குள் போய் விழுந்தவரைத் தேடிப் பிடித்து, துணியைச் சுருட்டி, ஆளையும் துணியையும் வேனில் போட்டுக்கொண்டு வருவது என் வேலை. எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்துக் கழுத்து வலித்த சாரதிமாரே, எனக்கு அண்ணாந்து பார்த்தே கழுத்து போயிற்று.

கழுத்துகூடப் பரவாயில்லை. எனக்கு ஒரே பயம் ஏழாம் நம்பர் மலைதான். தேயிலைக் காட்டைத் தோட்டத்தில் நாங்கள் மலை என்போம். மைதானத்துக்கு நேர் மேலே இருக்கிற அந்த மலையின் நடுவில் ஒரு பெரிய மரம், அந்த மரத்தில் பானை அளவுக்கு ஒரு குளவிக்கூடு. அதைச் சுற்றித்தான் என் மனைவி புஷ்பம் கொழுந்து எடுக்கிறாள். குளவி கொட்டிப் போய்ச்சேர்ந்தவர்கள் எங்கள் தோட்டத்திலேயே உண்டு. அதனால் குளவி என்றால் யாரும் சிரிக்க மாட்டோம். கூட்டை எடுக்கச் சொல்லிப் பெண்கள் தோட்டத்து ஆபீசில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள். பார்க்கிறோம் என்றார்கள். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆகவே குதிப்பதற்கு முன் இடம் பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் வேனை நிறுத்தி அந்த மரத்தைக் காட்டுவேன். ரோட்டில் விழுங்கள், தண்ணீரில் விழுங்கள், அந்த மரத்தில் மட்டும் விழாதீர்கள், தப்பித் தவறி விழுந்தாலும் கத்தாதீர்கள், ஆட்டாதீர்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லா பாஷையிலும் சொல்வேன். நான் இந்த வேலையில் சேர்ந்த அன்று புஷ்பம் சொன்னது: "ஒங்க ஆளு எவனாவது அந்த மரத்துல விழுந்து எங்க பொம்பளைங்களுக்கு ஒண்ணு ஆகட்டும், அதோட நீங்க வீட்டுப் பக்கம் வர வேணாம்."

லீவிலும் அதே வேலை

ஆரம்பத்தில் எனக்கு விளங்காத விஷயம் ஒன்று இருந்தது. பஸ் ஓட்டுகிறவன் லீவு நாளில் பஸ் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கொழுந்து எடுக்கிறவள் ஞாயிற்றுக்கிழமை ஆசைக்குக் கொழுந்து எடுப்பாளா? ஆனால் பட்டாளத்தில் விமானத்திலிருந்து குதிப்பதே வேலையாக இருக்கிற ஒரு கோப்ரல், லீவு கிடைத்ததும் ஊருக்குப் போகாமல் நேரே இங்கே வந்து, கைக்காசைக் கொடுத்துக் குதித்தார். நான் அதிர்ந்துபோனேன். எனக்குக் கொடுத்தாலும் குதிக்க மாட்டேன், இவர் கொடுத்துக் குதிக்கிறாரே!

தண்ணீர் வடிகிற காணுக்குள் விழுந்து, இடுப்புவரை சேறோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கிடந்தவரைத் தூக்கிவிட்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். வாய்விட்டே கேட்டுவிட்டேன், இதில் என்ன சுகம் என்று. அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "அங்க குதிக்கிறப்ப கீழ யார் நிக்கிறாங்களோன்னு குதிப்போம், அண்ணே. இங்க கீழ நீங்க ஃபிளாஸ்க்கோட நிக்கிறீங்க."

கொமாண்டோவின் காயம்

மழை விட்ட ஒரு காலையில், குதிக்கிறவர்களோடு பேச வேனில் வைத்திருக்கிற ரேடியோ அலறியது. வெளிநாட்டுப் பட்டாளத்தில் கொமாண்டோவாக இருந்த ஒருவர், கதவை அடைக்கிற உடம்பு, கை முழுக்கப் பச்சை குத்தியவர், மேல் மலையில் விழுந்திருந்தார். காயம், இரத்தம் போகிறது, ஹெலிகொப்டர் வேண்டும் என்று கத்தினார். எனக்கு உயிரே போயிற்று. வேனைக் குறுக்குப் பாதையில் விரட்டிக்கொண்டு போனேன். மனிதர் ஒரு பாறை மேல் ஏறி நின்று, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, வெள்ளைச் சொக்ஸில் ஒழுகும் இரத்தத்தைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

கிட்டப் போய்ப் பார்த்தால் அட்டை. நன்றாகக் குடித்து உருண்ட அட்டைகள், கணுக்காலைச் சுற்றி வரிசையாக. சவர்க்காரக் கட்டியை நனைத்துத் தேய்த்து ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டேன். இத்தனை போரைப் பார்த்தவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. சத்தம் கேட்டு வந்த கங்காணி எல்லாவற்றையும் பார்த்தார், ரேடியோவையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்க பொம்பளைங்க தெனந்தெனம் இதுகளுக்கு ரத்தம் குடுக்குறாங்க. ஒருத்திக்கும் இன்னும் ரேடியோ குடுக்கல."

கூரைக்கு வந்த யோகம்

ஓய்வு பெற்ற கடற்படைக்காரர் ஒருவர், நல்ல கனம், காற்றோடு போய், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கூரையில் இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. தகரம் அவரைத் தாங்கவில்லை. இடுப்புவரை உள்ளே, மீதி வெளியே. உள்ளே அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு, தலைக்கு மேலே திடீரென்று இரண்டு சப்பாத்துக் கால்கள். திருடன் என்று நினைத்து அகப்பையால் விளாசித் தள்ளிவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது மனிதர் மேலே மாட்டிக்கொண்டு சிங்களத்தில் மன்னிப்புக் கேட்கிறார், அவள் கீழே நின்று தமிழில் அடிக்கிறாள்.

மறுநாளே மேஜர் புதுத் தகரம் கொண்டுவந்து அந்த ஒரு வீட்டுக் காம்பராவின் கூரை முழுவதையும் மாற்றிக் கொடுத்தார். லயமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. பழைய தகரங்களுக்கு நடுவில் அது ஒன்று மட்டும் பளபளவென்று மின்னியது. பக்கத்துக் காம்பராப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது: "எங்களுக்கும் வருசக்கணக்கா ஒழுகுது தம்பி. எத்தன தடவ எழுதிக் குடுத்தாச்சு. அடுத்தாப்புல வர்றவரக் கொஞ்சம் இந்தப் பக்கமா விழச் சொல்லுங்க."

கையைத் தூக்கிய பெண்கள்

பண்டார என்ற ஓய்வு பெற்ற சார்ஜன்டை எல்லோரும் 'சார்ஜன் மாத்தையா' என்போம். மாத்தையா என்றால் சிங்களத்தில் ஐயா. போரில் கண்ணிவெடியில் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, பொய்க்கால் பூட்டியிருப்பார். என்னை மல்லி, அதாவது தம்பி என்று கூப்பிடுவார். ஒரு நாள் ஏழாம் நம்பர் மலையின் அடிவாரத்தில், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் போய் விழுந்தார். விழுந்த வேகத்தில் பொய்க்கால் கழன்று தனியாகத் தேயிலைச் செடிக்குள் போய்விட்டது. பெண்கள் முதலில் பார்த்தது அந்தக் காலைத்தான். அலறல் ரோட்டுக்குக் கேட்டது.

நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அலறல் நின்றிருந்தது. பெண்கள் எல்லோரும் வரிசையாக, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார்கள். தன்னைக் கைகொடுத்துத் தூக்கிவிடச் சொல்ல நினைத்திருக்கிறார் மனிதர். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் போர்க்காலத்தில் சோதனைச் சாவடியில் நின்று கற்றது. இறங்குங்க, பையைத் திறங்க, கையைத் தூக்குங்க, போகலாம். அவ்வளவுதான். அதில் ஒன்றை எடுத்துச் சொல்லிவிட்டார். கொழும்புக்கு வேலைக்குப் போன காலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி இறங்கி நின்றவர்கள் இந்தப் பெண்கள். யோசிக்கவே இல்லை, கை தானாக மேலே போய்விட்டது.

அந்த வரிசையில் புஷ்பமும் நின்றாள். என்னிடம் ஒரு வார்த்தை பொறுக்காதவள், யாருக்கும் தலை குனியாதவள், வானத்தைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சார்ஜன்ட் அந்தக் கைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் செத்துப்போயிற்று. வேனில் ஏறியவர், பொய்க்காலை மடியில் வைத்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: "வேற தமிழ் எனக்கு யாரும் சொல்லித் தரல்ல, மல்லி."

மரம்

அடுத்த தடவை சார்ஜன்ட் குதித்த அன்று காற்று திரும்பிவிட்டது. ரோட்டில் வேனுக்குள் இருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், சிவப்புப் பரசூட் மைதானத்தைத் தாண்டியது, மலையடிவாரத்தைத் தாண்டியது, நேரே போய் அந்த மரத்தில் மாட்டியது. சார்ஜன்ட் ஓர் ஆள் உயரத்தில் தொங்குகிறார். குளவிக்கூடு அவர் தலைக்குப் பக்கத்துக் கிளையில். கீழே தேயிலைக்குள் பெண்கள் குனிந்த தலை நிமிராமல், கலகலவென்று பேசிக்கொண்டு அந்த மரத்தை நோக்கியே ஏறி வருகிறார்கள். புஷ்பம் முன்னால். ஹோர்னில் வைத்த கையை எடுத்துவிட்டேன். அடித்தால் குளவி கிளம்பிவிடும். அடிக்காவிட்டால் இவர்கள் வந்துவிடுவார்கள்.

சார்ஜன்ட் கத்தவில்லை. நான் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. மெதுவாகக் குனிந்தார், பொய்க்காலைக் கழற்றினார், பெண்கள் வருகிற வரிசையைப் பார்த்து வீசினார். அது புஷ்பத்துக்கு முன்னால் விழுந்தது. இந்தத் தடவை யாரும் அலறவில்லை. அது யாருடைய கால் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். புஷ்பம் நிமிர்ந்தாள். மரத்தைப் பார்த்தாள், கூட்டைப் பார்த்தாள், கையை மட்டும் அசைத்தாள். பேச்சு அப்படியே நின்றது. எல்லோரும் சத்தமில்லாமல் பின்வாங்கி இறங்கினார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்துக் காற்று பரசூட்டைத் தூக்கிக் கிளையை உலுக்கியது.

குளவி கிளம்பிவிட்டது. நான் வேனை விட்டு இறங்கி ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் புஷ்பமும் இன்னும் இரண்டு பேரும், இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, காய்ந்த செத்தையில் நெருப்பு வைத்துப் புகையோடு மரத்தடிக்குப் போய்விட்டார்கள். சார்ஜன்ட் முகத்தைக் கைகளால் மூடியிருந்தார். கை தெரியவில்லை, குளவிதான் தெரிந்தது. விரல் இடுக்கில் பெண்களைப் பார்த்துவிட்டார். "போகலாம்! போகலாம்!" என்றார். சோதனை முடிந்ததும் சொல்கிற அந்த வார்த்தைதான். என் வாயில் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை, மரமாய் நின்றேன். புஷ்பத்துக்குச் சிங்களம் தெரியாது. அவருக்கு என்ன தமிழ் தெரியும் என்பது தெரியும். "பையத் தெறங்க!" என்றாள். அவர் கை தானாகப் பரசூட் வார்களுக்குப் போய்க் கொக்கிகளைத் திறந்தது. "கையத் தூக்குங்க!" என்றாள். தூக்கினார், வாரிலிருந்து தோள் நழுவியது. "எறங்குங்க!" என்றாள். மூன்று பேரும் போர்த்தியிருந்ததை எடுத்து விரித்துப் பிடித்த படங்கில் மனிதர் பொத்தென்று விழுந்தார்.

சார்ஜன்டையும் புஷ்பத்தையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். புஷ்பத்துக்கும் கழுத்திலும் கையிலும் கொட்டு. எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவளை முதலில் விட்டார்கள். வீட்டுக்குப் போவோம் என்றேன். கேட்காமல் ஆண்கள் வார்டுக்கு நடந்தாள். சார்ஜன்ட் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, இரண்டு கண்ணும் மூடிக் கிடந்தார். பொய்க்காலைக் கட்டில் ஓரத்தில் சாத்திவிட்டு, "சொகமா இருக்கீங்களா?" என்று கேட்டாள். குரலைக் கேட்டதும் அவர் ஊசி குத்திய கையையும் குத்தாத கையையும் மெதுவாக மேலே தூக்கினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அன்று புஷ்பத்தின் முன்னாலேயே நானும் அழுதேன். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கைய எறக்குங்க மாத்தையா. நீங்க போகலாம்."

மறுநாளே ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து குளவிக்கூட்டை எடுத்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் சொல்லியோ எழுதியோ புண்ணியமில்லை, வானத்திலிருந்து யாராவது வந்து விழ வேண்டும்.