ஒப்பாரிக்குச் சொந்தக்காரி

மகன் உயிரோடு இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் கூட்டம் கூடும். எல்லாம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள். மெஷினுக்கு அறிவு உண்டா, ஒன்றைச் செய்தவனுக்கு அது சொந்தமா, எல்லாருக்கும் பொதுவா என்று வீடு இரண்டாகும். முதல் தடவை காப்பிரைட் என்று கத்தினபோது, காப்பி கேட்கிறார்களாக்கும் என்று ஆறு பேருக்கும் கலக்கிக்கொண்டு போனேன். சிரித்தார்கள். ஆனால் குடித்தார்கள்.

நான் ரப்பர் தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் கிள்ளானில் பெரிய சாவு என்றால் எனக்குத்தான் கார் வரும். ஒப்பாரியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

என் வீட்டுக்காரர் செத்தபோது நான் பாடினதை மகன் போனில் பிடித்து இன்டர்நெட்டில் போட்டிருந்தான். தொடக்கத்தில் அவன் குரல் வரும்: "அம்மா, தண்ணி குடிச்சிட்டுப் பாடும்மா." அவ்வளவுதான். பிறகு ஒருநாள் மோட்டார் சைக்கிளில் போனவனை லோரி அடித்தது. போனும் அவனோடு நொறுங்கிப் போனது. அவன் குரல் என்று எனக்கு மிஞ்சினது அந்த ஒரு பேச்சுத்தான். காலையில் எழுந்ததும் என் போனில் தட்டிக் கேட்பேன்.

ஒருநாள் தட்டினேன், வரவில்லை. ஏதோ இங்கிலீஷில் எழுதியிருந்தது. மகனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரை வரச் சொன்னேன். ஒருத்தி கிள்ளான்காரி. இன்னொருவன் தமிழ்நாட்டிலிருந்து வந்து பங்சாரில் வேலை பார்க்கிறவன்.

அவள் படித்துப் பார்த்தாள். "ஆன்டி, ஏதோ ஒரு பாட்டுக் கம்பெனி உங்க குரலை எடுத்து மேளம் சேத்துப் போட்டிருக்கு. இப்ப எல்லாம் அவங்களோடதுன்னு சொல்லி நம்மளத தூக்க வெச்சிட்டாங்க லா."

மேளம் சேர்த்ததைப் போட்டுக் காட்டினாள். என் குரல் இருந்தது. மகன் குரலை வெட்டியிருந்தார்கள்.

"நான்தான் சொந்தக்காரின்னு எழுதிக் குடுங்கம்மா" என்றான் அவன்.

"எப்படி எழுதுறது? ஒப்பாரி ஊருக்கே பொது" என்றாள் அவள்.

"மெட்டு பொது. பாடின குரல் அம்மாவோடது."

"எல்லாமே பொதுன்னு இதே நாற்காலியில உக்காந்து சண்டை போட்டது யாரு பாஸ்?"

"அது சாப்ட்வேருக்கு!"

"ஆமா, உங்களுக்கு வசதியானது மட்டும் பொது."

"சண்டைய விடுங்க" என்றேன். "என் மகன் குரல் திரும்பி வருமா, வராதா?"

கடைசியில் அவன் ஒரு வழி சொன்னான். அதே வரிகளை நான் மறுபடி பாடி, இன்டர்நெட்காரன் வைத்த ஏழு நாள் கெடுவுக்குள் அவனுக்கு அனுப்பினால், குரல் ஒன்றுதான் என்று காட்டலாம்.

"சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வெக்கக் கூடாதுப்பா."

"ரெண்டு வரி போதும்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆன்டி, இது சாவு விழுந்த வீடுதானே" என்றாள்.

உண்மைதான். மகனைக் கிடத்தியிருந்தபோது நான் பாடவில்லை. ஊரார் வீட்டுக்கெல்லாம் பாடினவளுக்கு அன்றைக்கு ஒரு வரிகூட எழும்பவில்லை. யாரோ ஒருத்தி வந்து பாடிவிட்டுப் போனாள்.

போனை என் முன்னால் வைத்தார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரருக்குப் பாடினது, "என்னைக் கட்டின ராசாவே" என்று எடுக்கும். வாயைத் திறந்தேன். "நான் பெத்த மகனே" என்று வந்தது. நிறுத்தினேன். மறுபடி எடுத்தேன். மறுபடியும் மகனே என்றுதான் வந்தது. மூன்றாவது தடவை நிறுத்த முடியவில்லை. வெளியே வெயில் இறங்குகிறவரை பாடினேன். மேல் மாடிச் சீனக் கிழவி வாசலில் வந்து நின்றுவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பிப் போனாள்.

நான் ஓய்ந்த பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். "வார்த்தை ஒத்துப்போகாதும்மா. நாளைக்கு அப்பா பாட்டை மட்டும் பாடிப் பார்ப்போமா?"

"இனிமே இந்த வீட்டுல அந்த மனுசனுக்குப் பாட்டு எழும்பாதுப்பா."

"அப்போ இதையாவது பத்திரமா வெச்சுக்கிறேன்."

"வேணாம். இது அவனுக்கு வெச்சது. அழிச்சிடு."

அவன் அவளைப் பார்த்தான். இவ்வளவு நேரம் சண்டை போட்டவள் போனை அவன் பக்கம் தள்ளினாள். என் கண் முன்னாலேயே அழித்தான். ஏழு நாளும் போனது. நான் அவர்களைக் கூப்பிடவில்லை.